ரேகை விளைந்த பருவம்

"பருவநிலை மாற்றத்தைத் தாங்கி நிற்கும் வேளாண்மை, நீர், மாற்று எரிசக்தி ஆகியவற்றில் விவசாயிகளுக்கான ஒருங்கிணைந்த திறன் மேம்பாட்டுப் பயிற்சி" என்று பேனர் அடிக்கப் போனால் இடம் போதவில்லை. அதனால் "விவசாயிகளுக்கான" என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டோம். யோசனை என்னுடையது. பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் வருகைப்பதிவு எழுத்தர் நான். இயக்குநர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பயிற்சி ஐந்து நாள். முடித்தால் சான்றிதழ், அது இருந்தால்தான் அரசு மானியத்தில் சோலார் மோட்டார். என் அக்கா வீட்டுக்காரருக்கு அந்த மோட்டார்தான் உயிர். அரை ஏக்கர் தக்காளி பூவெடுத்து நின்றது. பழைய எஞ்சின் மண்டையைப் போட்டுவிட்டதால், அவரும் அக்காவும் கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் காலை, வாசலில் விரல்ரேகை இயந்திரம். மாமா கட்டைவிரலை வைத்தார். "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது தேன் குரலில். பதினாறு தடவை முயன்றார்.

"என்ன மாப்ளே, இது என்னை மதிக்கவே மாட்டேங்குது?"

"உங்க விரல்ல ரேகையே இல்ல மாமா. மண்வெட்டி பிடிச்சுப் பிடிச்சுத் தேஞ்சு போச்சு."

"நான்தான் உன் கண் முன்னால நிக்கிறேனே!"

"நிக்கிறது வேற, வருகை வேற மாமா."

வந்திருந்த நாற்பது விவசாயிகளில் ஒருவர் விரலும் ஏறவில்லை. நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள். இயக்குநர் பதறிப்போனார். "காகிதமா? மரம் என்ன ஆவது? இது பருவநிலைப் பயிற்சி ஐயா!"

உடனே வல்லுநர் குழு கூடியது. மூன்று வாரம் கைக்கு ஓய்வு கொடுத்தால் ரேகை திரும்ப வரும் என்று தோல் மருத்துவர் ஒருவர் கருத்துரைத்தார். பயிற்சி தள்ளிவைக்கப்பட்டது. சுற்றறிக்கையை நான்தான் எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருந்தது: "விவசாயப் பயிற்சி பெற விழைவோர், பயிற்சியின் நலன் கருதி, இருபத்தொரு நாட்களுக்கு விவசாயத்தைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மாமா அதை இரண்டு தடவை படித்தார். "தண்ணி இறைக்கலாம்ல?"

"வாளிக் கயிறு ரேகையைத் தின்னுடும் மாமா."

"செடி வாடிடுமேப்பா?"

"வாடினா என்ன செய்யணும்னுதான் மூணாம் நாள் வகுப்பே."

அக்கா ஒருத்தியாக இறைத்துப் பார்த்தாள். நாலு பாத்திக்கு மேல் முடியவில்லை. பத்தாம் நாள் போன் செய்தாள். "நீயெல்லாம் ஒரு தம்பியாடா? பூவெல்லாம் கொட்டிப் போச்சு. உங்க மாமா கையில எண்ணெயைத் தடவிக்கிட்டு, பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி கட்டில்ல உட்கார்ந்திருக்கார். எனக்கு வயிறு எரியுது!"

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் சுற்றறிக்கை வெளியே போய்விட்டது. போனதைத் திரும்பப் பெற இன்னொரு சுற்றறிக்கை வேண்டும், அதற்கு இன்னொரு குழு வேண்டும்.

இருபத்திரண்டாம் நாள் மாமா விரலை வைத்தார். "நன்றி" என்றது இயந்திரம். பாவம், மனுஷன் கண்ணே கலங்கிவிட்டது. குளிரூட்டிய அறையில் ஐந்து நாளும் போர்வை போர்த்திக்கொண்டு வறட்சி மேலாண்மை கற்றார். மொத்தம் இருபத்தாறு நாள். வீட்டுக்குப் போனபோது தக்காளிச் செடி அடுப்புக்குத்தான் ஆகும் என்ற பதத்தில் இருந்தது.

"போகட்டும், மோட்டாராவது வரும்" என்று சான்றிதழோடு எரிசக்தி அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி அன்போடு கைகுலுக்கினார். குலுக்கிய கையை விடாமல் திருப்பிப் பார்த்தார்.

"கை பஞ்சு மாதிரி இருக்கே. நீங்க விவசாயியா? போலிகளுக்கு மோட்டார் கிடையாது."

கோப்பு மூடப்பட்டது.

இதற்கிடையில் எங்கள் அறிக்கை மேலிடம் போய்ச் சேர்ந்தது. பயிற்சிக் காலத்தில் நாற்பது பேரும் வயலுக்குப் பாய்ச்சிய நீர், அநேகமாக ஒன்றுமில்லை. எரித்த டீசல், ஒன்றுமே இல்லை. நீர் சேமிப்பில் முதல் பரிசு எங்களுக்கு! விழா எடுத்தோம். பயனாளிகள் சார்பில் மாமாவை முன்வரிசையில் உட்கார வைத்தேன். அக்கா வரவில்லை.

மதிய விருந்தில் துணைவேந்தர் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னப்பா, எதுலயும் ஒரு துண்டு தக்காளிகூட இல்ல?"

"சந்தையிலேயே இல்லீங்க ஐயா" என்றார் சமையல்காரர்.

மாமா எழுந்து இரண்டு கையையும் விரித்து அவர் தட்டுக்கு மேலே நீட்டினார். "எங்க நாற்பது பேருக்கும் இந்தத் தடவை ரேகைதாங்க ஐயா விளைஞ்சுது. போட்டுச் சாப்பிடுங்க."

துணைவேந்தர் விழுந்து விழுந்து சிரித்தார். பயனாளியின் உற்சாகம் தனக்கு மனநிறைவு தருவதாகச் சொன்னார். இறுதி அறிக்கையில் "மகசூல்" என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்ததால், "ரேகை" என்றே அங்கே எழுதச் சொன்னார்.

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.