நடுக்கம் குடிப்பவர்

பூப்பந்து அரங்கத்தில் அந்த மாதம் யாரும் பந்து ஆடவில்லை. மனிதர்கள் ஆடினார்கள். கை ஆடியவர்கள், கால் ஆடியவர்கள், தலை ஆடியவர்கள், இன்னும் எதுவும் ஆடாமல் நாளைக்கு ஆடிவிடுமோ என்ற பயத்தில் வந்தவர்கள். வரிசை அரங்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்திலிருந்த பல் மருத்துவரின் வாசலை மறித்து நின்றது. அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பாவம், அவருக்குப் பல்லைப் பற்றி மட்டும்தான் தெரியும். உள்ளே இருந்தவருக்கு ஏழு தலைமுறையைப் பற்றித் தெரியுமாம்.

உள்ளே இருந்தவர் நடுக்கம் குடிக்கும் ஐயா. வாசல் பலகையில் இப்படி எழுதியிருந்தது: ‘அப்பனுக்கு வந்தது பிள்ளைக்கு வேண்டாம்! பரம்பரை நரம்பு நோய் ஒரே மடக்கில் ஒழியும்!’

மருத்துவம் மிக எளிது. ஓர் அகன்ற பித்தளைச் செம்பு. விளிம்பு வரை தண்ணீர். நோயாளி அதைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நீலத் தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் ஐயாவை நோக்கி நடந்து வரவேண்டும். தண்ணீர் சிந்தும். எல்லாருக்கும் சிந்தியது. உடனே ஐயா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்:

“நிறைகுடம் தளும்பாது. உன் குடம் தளும்புது. அப்ப குறை எங்க இருக்கு? வம்சத்துல இருக்கு!”

கூட்டம் ‘ஆகா’ என்று மூச்சு விடும். ஐயா செம்பை வாங்கி, பெரிதாக ஒரு மடக்குக் குடிப்பார். குரல்வளை ஏறி இறங்கும். உடம்பு உதறும். வம்சத்தின் நடுக்கம் முழுவதும் அவருக்குள் போய்விட்டது என்று பொருள். பிறகு அதே செம்பைத் திருப்பிக் கொடுப்பார். நோயாளி திரும்பி நடப்பார். ஒரு சொட்டு சிந்தாது.

“எத்தனை பேரோட நடுக்கத்தைத் தாங்குறாரு, மகராசன்!” என்று அழுதார்கள். மதியத்துக்குள் ஐயா நாலைந்து முறை எழுந்து பின்பக்கம் போனார். தியானத்துக்குப் போகிறார் என்று சீடர்கள் அறிவித்தார்கள். அவ்வளவு தண்ணீர் குடித்தால் யாருக்கும் அப்படிப்பட்ட தியானம் வரத்தான் செய்யும்.

வரிசையில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் நின்றார். ஜன்னலுக்கும் படச் சட்டத்துக்கும் கண்ணாடி வெட்டித் தருபவர். ஒரே இழுப்பில் கோடு போட்டு, ஒரே தட்டில் உடைப்பார். சில மாதங்களாகக் கோடு வளைந்தது. வலது கை விரல்கள், அவரைக் கேட்காமலே, யாருக்கோ தந்தி அடிப்பதுபோலத் துள்ளின. அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியதாம். பிறகு நடை தடுமாறி, பேச்சு குழறி, படுத்த படுக்கையாகி இறந்துபோனார்.

கூட அவருடைய மகனும் மகளும் வந்திருந்தார்கள். மகன் தினமும் காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பதில்லை. தன் கையைப் பார்ப்பான். ஐயாவுக்குக் காணிக்கை கட்டப் பைக்கை விற்றிருந்தான். அவன் தங்கை தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். நரம்பு மருத்துவரிடம் மாதக்கணக்கில் காத்திருந்து அவள் வாங்கிய நேரம், அன்று மாலை மூன்று மணி.

“அண்ணா, மூணு மணிக்கு நாம அங்க இருக்கணும்.”

“ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சா, குடிச்சதெல்லாம் திரும்பி வந்துடும்னு ஐயா சொல்லியிருக்காரு. காதுல விழலையா?”

“விழுந்துச்சு. அதான் சந்தேகமா இருக்கு.”

“உனக்கு என்ன தெரியும்? டாக்டரு பரம்பரை நோய்தான்னு சொல்லிட்டா, அப்பாவோட முடியுமா? உனக்கும் எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் படிச்சுப் பார்த்துட்டேன். அதைக் கேட்டுட்டு நான் தூங்கணுமா?”

“கேட்காம இருக்கும்போது மட்டும் தூங்குறியா?”

அப்பா துள்ளும் கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, “சண்டை போடாதீங்க. எனக்கு முன்னாடி இன்னும் மூணு வம்சம் நிக்குது” என்றார்.

அவர் முறை வந்தது. செம்பை நீட்டிப் பிடித்து நடந்தார். வெள்ளைக் கோடு நெடுகத் தண்ணீர் கொட்டியது. ஐயா குறையைக் கண்டார், குடித்தார், உதறினார். அப்பா திரும்பி நடந்தார். விரல்கள் துள்ளத்தான் செய்தன. ஆனால் ஒரு சொட்டும் கீழே விழவில்லை. மகன் தரையில் உட்கார்ந்து தேம்பி அழுதான். ஒரு கணம் மகளுக்கும் கண் நிறைந்தது. உண்மையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பொய்யை நாம் முட்டாள்தனத்தால் மட்டுமா நம்புகிறோம்? ஆசையாலும்தானே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அப்பாவின் கையிலிருந்த செம்புக்குள் பார்த்தாள். தண்ணீர் விளிம்புக்குக் கீழே, நன்றாகக் கீழே, அமைதியாக இருந்தது.

“ஐயா, அப்பாவுக்குச் சரியாயிடுச்சுல்ல?”

“அடியோட போச்சு, தாயே.”

“அப்ப மறுபடி விளிம்பு வரைக்கும் ஊத்துங்க. இன்னொரு தடவை நடக்கட்டும்.”

ஐயாவின் முகம் சுருங்கியது. “ரெண்டாவது தடவை சோதிச்சா வம்சத்துக்கு ஆகாது.”

“சரி, எங்க வம்சம் வேண்டாம். நீங்க நடங்க.”

ஐயா மறுத்திருப்பார். ஆனால் பக்தர்கள் விடவில்லை. “நடந்து காட்டுங்க ஐயா! இந்தப் பொண்ணு வாயை அடைங்க!” என்று அவரை எழுப்பியே விட்டார்கள். பக்தியைப்போல ஆபத்தான நண்பன் இல்லை. மகள் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்திலிருந்து ஊற்றிச் செம்பை நிரப்பினாள். ஐயா கையை நீட்டி நாலடி வைத்தார். ஐயாவின் வேட்டி நனைந்தது.

ஒரு சீடன் சட்டென்று கத்தினான்: “உங்க நடுக்கத்தை எல்லாம் குடிச்சிருக்காருல்ல! அது உள்ள இருந்து ஆட்டுது!”

“அதானே!” என்று பாதிக் கூட்டம் நிம்மதியடைந்தது.

“அப்படியா அண்ணே? நீங்க எதையும் குடிக்கலையே. நீங்க நடங்க” என்றாள் மகள், செம்பை மறுபடி நிரப்பி நீட்டி. சீடன் பளு தூக்குபவனைப்போல இருந்தான். நடந்தான். சிந்தியது. அவள் செம்பை வாங்கி, தானே ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “இப்ப நடங்க.”

சிந்தவில்லை.

“நானும் ஒரு மடக்குதான் குடிச்சேன். தாகத்துக்கு. எனக்கும் வாசல்ல ஒரு பலகை வைங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார். அப்புறம் யாருக்கும் அடக்க முடியவில்லை. ஆளாளுக்குச் செம்பைப் பிடுங்கி நிரப்பினார்கள், நடந்தார்கள், சிந்தினார்கள், குடித்தார்கள், நடந்தார்கள். அரங்கம் குளமானது. சீடர்கள் காணிக்கைப் பெட்டியைத் தூக்கினார்கள். கூட்டம் அதை விடவில்லை. ஐயா தியானத்துக்காகப் பின்பக்கம் போனவர் திரும்பவே இல்லை.

கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஐயாவின் காலியான நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்:

“எங்கப்பா வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சதில்ல. நடை தடுமாறுதுன்னு ஊரே அவரைக் குடிகாரன்னுச்சு. கடைசி வரைக்கும் ஒரு டாக்டர்கிட்ட யாரும் கூட்டிட்டுப் போகல. இந்த ஆளு நாள் முழுக்கக் குடிச்சான். அவனை ஐயான்னு கும்பிட்டோம்.”

பிறகு மகன் பக்கம் திரும்பினார். “எழுந்திரு, பஸ்ஸுல போகணும். பைக்கையும் அந்த ஆளு குடிச்சிட்டானே.”

நரம்பு மருத்துவர் கையை நீட்டச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்.

“கையில தண்ணி வேண்டாமா டாக்டர்?” என்றார் அப்பா.

“எதுக்கு?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

மருத்துவர் எதையும் ஒரே மடக்கில் ஒழிப்பதாகச் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை வேண்டும், முடிவு வர நாளாகும் என்றார். பரம்பரை நோயாக இருந்தால் அடியோடு போக்க இன்று வழியில்லை. ஆனால் துள்ளலைக் குறைக்க மருந்து உண்டு, பேச்சுக்கும் நடைக்கும் பயிற்சி உண்டு என்றார். வேறு ஏதாவதாக இருந்தால் அதற்கு வேறு வழி. பிள்ளைகள் பரிசோதனை செய்துகொள்வது அவர்கள் விருப்பம், அவசரமில்லை என்றார்.

“தெரியாதுன்னு சொல்றாரே” என்றான் மகன், வெளியே வந்ததும்.

“முதல் தடவையா ஒருத்தர் நம்மகிட்ட உண்மையைச் சொல்லியிருக்காரு” என்றாள் தங்கை.

அன்று இரவு மகன் நிம்மதியாகத் தூங்கினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். தூங்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கடைக்குப் போய், அப்பா கோடு போடும்போது கண்ணாடியை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டான். கோடு ஏறக்குறைய நேராக வந்தது.

ஐயா இப்போது வேறோர் ஊரில், வேறோர் அரங்கத்தில் இருப்பதாகக் கேள்வி. அங்கும் வரிசை நீளமாம். அந்த ஊர்க்காரர்களுக்கும் உங்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். நிறைகுடம் தளும்பாது என்று இத்தனை காலம் சொல்லிவந்தோமே, நம்மில் யாராவது ஒரு நிறைகுடத்தைத் தூக்கி நடந்து பார்த்தோமா? பழமொழியை நம்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கிப் பார்த்துவிட்டு நம்புங்கள். தளும்பாமல் இருப்பது, யாரும் தூக்கிப் பார்க்காத குடமும் யாரும் பயன்படுத்தாத மூளையும்தான்.