ஒரே மாதத்தில் எட்டு அமாவாசை

தன் நாற்காலியைத் தானே சுமந்து வந்த அரசாங்க அதிகாரி என்று என் பத்திரிகை வாழ்க்கையில் நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். மற்ற அதிகாரிகள் எல்லாரும் நாற்காலிதான் தங்களைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கை உடையவர்கள்.

அவர் பெயர் பாரா. பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதை அவர் கையெழுத்திலிருந்து யாராலும் படிக்க முடிந்ததில்லை. தணிக்கைக்காரர்கள் தாங்கள் கண்ட குறையை எழுதும் பத்திக்கு அலுவலகங்களில் 'பாரா' என்று பெயர். இவர் எதைப் பார்த்தாலும் "இதுக்கு ஒரு பாரா போடணும்" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன்பு, செஞ்சியில் பஸ் ஓட்டும் அரசுக் கிளை அலுவலகம் ஒன்றில் 'சுதந்திர நேர்மைக் கண்காணிப்பு மற்றும் தணிக்கை அலுவலர்' என்று ஒரு புதிய பதவியை உண்டாக்கினார்கள். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். சொன்னால் மறுப்பு அனுப்புவார்கள், அதையும் அச்சிட வேண்டிவரும்.

சுதந்திரத்துக்கு அவர்கள் செய்திருந்த ஏற்பாடு இது. யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அந்தக் கிளை மேலாளரின் அறையிலேயே, கழிப்பறைக் கதவை ஒட்டி, பாராவுக்கு ஒரு மேசை. அவர் எழுதும் அறிக்கை மேலாளர் வழியாகத்தான் மேலே போக வேண்டும். வாசலில் புகார்ப் பெட்டி. அதன் சாவி மேலாளரிடம். சுதந்திரம் என்ற சொல்லை இவ்வளவு சிக்கனமாகச் செலவழித்து நான் பார்த்ததில்லை.

பாராவின் கோளாறு, அவர் அந்தச் சொல்லை நம்பியது.

தணிக்கைக்கு உட்பட்ட இடத்தில் எதையும் இலவசமாக அனுபவிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஆகவே திண்டிவனத்திலிருந்து தினமும் மொபெட்டில் வருவார், பின்னால் இரும்பு மடக்கு நாற்காலியைக் கட்டிக்கொண்டு. நாற்காலியின் முதுகில் வெள்ளை பெயின்டில் 'சொந்தம்' என்று எழுதியிருக்கும். துறையின் பஸ்ஸில் ஏற மாட்டார். துறையின் தண்ணீரைக் குடிக்க மாட்டார். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி துறையுடையது என்பதால், காற்று படாத கோணம் ஒன்றைக் கண்டுபிடித்து அங்கே நாற்காலியைப் போட்டு வியர்த்துக்கொண்டிருப்பார்.

பஸ் நிலையத்து டீக்கடையில் முதல் நாள் நடந்தது எனக்கு நேராகத் தெரியும்.

"ரசீது குடுங்க" என்றார் பாரா.

"டீக்கா?"

"டீக்குத்தான். யாராவது வாங்கிக் குடுத்தாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது."

கடைக்காரர் பீடிக் கட்டுக் காகிதத்தின் பின்பக்கம் 'டீ ஒண்ணு, சக்கர கம்மி' என்று எழுதிக் கொடுத்தார். பாரா அதை மடித்துப் பையில் வைத்தார். வீட்டில் மூன்று கோணிப்பை நிறைய இருப்பதாகச் சொல்வார்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இத்தனை கறாரான மனிதர் கண்டுபிடித்த முறைகேடுகளைக் கேளுங்கள். அலுவலகக் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுவதால் ஊழியர்கள் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வீட்டுக்குப் போகிறார்கள்: ஒரு பாரா. டயர்க் கிடங்கில் வசிக்கும் பூனை இருப்புப் பதிவேட்டில் இல்லை: இன்னொரு பாரா. பூனை இறந்துவிட்டது என்று மேலாளர் பதில் எழுதினார். இறந்த பூனையைக் கழித்ததற்கான ஆணை எங்கே என்று மூன்றாவது பாரா வந்தது. பூனை இந்தக் கடிதப் போக்குவரத்தின்போதெல்லாம் மேலாளர் மேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

மேலாளர் வெள்ளைச் சட்டை, விபூதிப் பட்டை, வாய் கொள்ளாத சிரிப்பு. பாராவைப் போன்ற ஒருவர் கிடைத்தது தன் பாக்கியம் என்று என்னிடமே சொன்னார். "பூனை, கடிகாரம்னு போறாரு சார். தங்கமான மனுசன்." பஸ் நிலையத்தில் காத்திருக்கிறவர்கள் அதையே வேறு மாதிரி சொன்னார்கள்: "பாரா பாப்பாராடா?" "பூனையா இருந்தா பாப்பாரு."

இந்த நேரத்தில்தான் மல்லிகா வந்தாள்.

மேல்சித்தாமூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு சிற்றூர் அவளுடையது. பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலை ஏழு நாற்பதுக்கு ஊருக்குள் வர வேண்டிய ஒரே பஸ் அடிக்கடி வராது. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் அது. வராத நாட்களில் ஆண்களுக்கும் கட்டணம் இல்லை. அப்போதெல்லாம் அவள் மெயின் ரோடு வரை நடந்து வேறு பஸ் பிடித்து, அரை மணி தாமதமாகப் போய் நிற்பாள். இன்னும் ஒரு நாள் தாமதமானால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

அவள் மேலாளரிடம் போகவில்லை. பாராவின் மேசைக்கு மேலே, கழிப்பறைக் கதவோரம் மாட்டியிருந்த பதவிப் பலகையைப் படித்துவிட்டு நேராகப் பாராவிடம் போனாள். நான் அப்போது ஒரு செய்திக்காக அங்கே இருந்தேன்.

"சார், எங்க ஊரு பஸ் வர்றதில்ல."

"வாய்மொழிப் புகார் வாங்கக் கூடாதும்மா. பெட்டியில போடுங்க."

"பதினோரு காயிதம் போட்டேன் சார்."

பாரா பெட்டியைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். சாவி எங்கோ வைத்த ஞாபகம், தேடுகிறேன் என்றார் மேலாளர். பெட்டியை உடைக்கலாமே என்றேன் நான். துறையின் சொத்தை உடைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார் பாரா. பிறகு அன்றாடம் எந்த வண்டி எங்கே போனது என்று எழுதும் டிரிப் ஷீட்டுகளை எடுத்துப் புரட்டினார். எல்லாவற்றிலும் அவருடைய பச்சை மசி டிக் இருந்தது. கையெழுத்து சரியான கட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து அவரே போட்டது.

"நேத்து உங்க ஊர் வண்டியை மேல்மலையனூர் கோயிலுக்கு அனுப்பியிருக்காங்கம்மா. அமாவாசை சிறப்புப் பேருந்து. கூட்டம் தாங்காது, எல்லா ஊர் வண்டியையும்தான் எடுப்பாங்க. முறைப்படிதான் இருக்கு."

மல்லிகா டிரிப் ஷீட்டை எட்டிப் பார்த்தாள்.

"நேத்தா சார் அமாவாச? பஸ்ஸ நம்பாம நேத்து வெடிகாலைலயே நிலா வெளிச்சத்துலதான் நான் நடந்தே வந்தேன். பௌர்ணமி சார் நேத்து. மேக்கால இம்மாம் பெரிசா இருந்துச்சு. நீங்க பாக்கவே இல்லியா?"

பாரா பேனாவை மூடினார். சுவரில் தினசரிக் காலண்டர் இருந்தது, அது துறையுடையது. எழுந்து பஜாருக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அதுவரை அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

அங்கே ஒரு புத்தகக் கடைக்காரர் காலண்டரை எடுத்துக் காட்டினார். போன மாதம் வேண்டும் என்றார் பாரா.

"போனது கிழிச்சாச்சு சார். பஞ்சாங்கம்னா இருக்குது. வூட்ல விசேஷமா? முகூர்த்த நாளுக்கெல்லாம் பக்கத்துல பூப் போட்டிருக்கும், பாத்துக்குங்க."

பாரா பஞ்சாங்கம் வாங்கினார். ரசீதும் வாங்கினார். திரும்பி வந்து டிரிப் ஷீட்டுகளைப் பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டினார். அந்த ஒரு மாதத்தில் மட்டும் மேல்மலையனூருக்கு எட்டு அமாவாசை நடந்திருந்தது. எட்டில் ஏழு நாட்களுக்குப் பக்கத்தில், பஞ்சாங்கத்தில் பூப் போட்டிருந்தது.

"எட்டு அமாவாசை எப்படி வரும்?" என்று கேட்டார்.

மேலாளர் சிரித்தார். "ஜனங்களுக்குப் பக்தி ஜாஸ்தியாயிடுச்சு சார்."

"அமாவாசையும் ஜாஸ்தியாயிடுச்சா?"

அவலூர்பேட்டை சாலையில் மேலாளரின் மச்சானுக்கு ஒரு கல்யாண மண்டபம் உண்டு. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். எந்த பஸ் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. நானே அங்கே இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன்.

பாரா முறைப்படி பாரா எழுதினார். அது முறைப்படி மேலாளரிடம் போனது. மேலாளர் முறைப்படி 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதித் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அந்தச் சாவி தொலையவில்லை.

அடுத்த பூப் போட்ட நாள் அந்த வாரத்திலேயே வந்தது. அன்று காலை ஆறரைக்கு டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தோம். பாரா மொபெட்டில் வந்தார். கயிற்றை அவிழ்த்தார். பஸ் வெளியே வரும் கேட்டின் நடுவில் நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்து, பஞ்சாங்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். பாரா ஒரு பக்கம் திருப்பினார். மேலாளர் சட்டைப் பொத்தான் போடாமல் ஓடி வந்தார்.

"சார், இன்னா சார் இது. வண்டிய வுடுங்க."

"எங்க போகுது வண்டி?"

"மேல்மலையனூர் சார். அமாவாச."

"தணிக்கை நடக்குது. முடிஞ்சதும் போகலாம்."

"ஐயோ, ஏழரைக்குள்ள முகூர்த்தம் சார். பொண்ணு வூட்டுக்காரங்க ரோட்ல நிக்கிறாங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. டீக்கடையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். பாரா மட்டும் சிரிக்கவில்லை. டிரைவரைப் பார்த்து, "இன்னிக்கு டிரிப் ஷீட் எழுதியாச்சா?" என்றார்.

"சாயங்காலம்தான் சார் எழுதுவாங்க. எப்பவும் அப்படித்தான்."

"எழுதலைன்னா கால அட்டவணையில இருக்கிற ஊருக்குத்தான் போகணும்."

டிரைவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். பாரா எழுந்து நாற்காலியை மடக்கினார். துறையின் பஸ்ஸில் தன் வாழ்க்கையில் முதன்முறையாக ஏறினார். டிக்கெட் வாங்கினார். காலி இருக்கைகள் நிறைய இருந்தும், நடுவழியில் தன் நாற்காலியை விரித்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். இருக்கைகள் தணிக்கையில் இருந்தனவாம். திருப்பங்களில் அவர் நாற்காலியோடு இரண்டடி இந்தப் பக்கமும் இரண்டடி அந்தப் பக்கமும் போய்வந்ததைக் கண்டக்டர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழு நாற்பதுக்கு மல்லிகாவின் ஊரில் பஸ் நின்றது. அவள் ஏறி, நடுவில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாளாம். "தள்ளி உக்காருங்க சார், வழில இருக்கிறீங்க" என்றாளாம். நன்றி என்ற சொல்லுக்கு அவள் ஊரில் அதுதான் நடைமுறை. அன்று கடை திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள்.

பிறகு நடந்ததை நீங்களே யூகித்திருப்பீர்கள். என் செய்தி ஆறாம் பக்கத்தில் நாலு வரி வந்தது. மேலிடத்திலிருந்து பதில் வந்தது: 'வரும் காலங்களில் அமாவாசைகளைக் குறைத்துக்கொள்ளுமாறு கிளைக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது.' மேலாளர் பதவி உயர்வில் பயிற்சி மையத்துக்குப் போனார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நேர்மை பற்றி வகுப்பெடுப்பதாகக் கேள்வி. சுதந்திர நேர்மைக் கண்காணிப்பு அலுவலர் பதவி சிக்கன நடவடிக்கையாக ரத்தானது. பலகையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் 'கழிப்பறை' என்று எழுதிவிட்டார்கள். அதாவது உபயோகமானது.

பிரிவுபசாரச் சால்வையைப் பாரா வாங்க மறுத்தார். மொபெட்டை நேராக மல்லிகாவின் ஊருக்கு விட்டார். அங்கே பஸ் நிற்கும் இடத்தில் நிழற்குடை கிடையாது. நிழற்குடை கட்டி முடித்ததாக ஒரு கோப்பு மட்டும் உண்டு. நாற்காலியை அங்கே விரித்து வைத்து, மல்லிகாவிடம் ஒரு காகிதத்தை நீட்டினாராம். 'இதனால் தெரிவிப்பது யாதெனில், இந்த நாற்காலி துறையின் சொத்து அல்ல.'

இப்போது பஸ் பெரும்பாலும் வருகிறது. வராத நாளில் மல்லிகா அந்த நாற்காலியை எடுத்து ரோட்டுக்கு நடுவில் போட்டு, டிபன் பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவாள். அடுத்து வருகிற பஸ் எதுவானாலும் அவளை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

போன மாதம் நாற்காலியின் ஒரு கால் ஒடிந்துவிட்டது. பஜாருக்கு எடுத்து வந்து பற்றவைத்துக் கொடுத்தது நான்தான். வெல்டிங் கடைக்காரர் ரசீது தர மாட்டேன் என்றார். சண்டை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பாரா எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.