கூட வருபவர்

என் மனைவி உமாதேவியின் பயத்தை ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்தேன். ஆனால் மெதுவாக. மிக மெதுவாக. ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை.

காரணம் சொல்கிறேன், வெளியே சொல்லிவிடாதீர்கள். ஈஸ்வரபாண்டியாகிய நான் கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி, மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவன். பதினெட்டு வருடமாக முன்சீட்டு எனக்குத்தான். போன ஆடி மழையில் ஒன்பதாவது வளைவில் ஜீப் வழுக்கியது. பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, ஒரு மரத்தில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அது மூன்றே நாளில் ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு நான் மலையேறவில்லை.

பயமா? எனக்கா? முதலில் முழங்கால் வலி. பிறகு மழை. பிறகு சனிப்பெயர்ச்சி. காலையில் தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்டால் வயிற்றைக் கலக்கும். அதற்கு முந்தின நாள் குழம்பு காரணம். வேறு சாக்குக் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் தெய்வம் கண்ணைத் திறந்தது. உமா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, படபடன்னு வருது. நீங்க ஜீப்புல விழுந்ததுலருந்தே இப்படித்தான்."

"விழுகல. சாஞ்சோம்."

"சரி, சாஞ்சதுலருந்து. பிரின்சி டாக்டரம்மாவப் பாத்தேன். மருந்து மாத்திரை எதுவும் கெடையாதாம். பயம் உடம்புல போயி உக்காந்திருக்காம், உடம்பு வழியாத்தான் எறக்கணுமாம். கூட ஒரு ஆளு கட்டாயம் வரணும்னு சொன்னாக."

"நான் வாரேன்!"

உடனே தோட்டத்து மேனேஜருக்குப் போன் போட்டேன். வீட்டில் உடம்பு சரியில்லை, தனியாக விட முடியாது என்றேன். அவர் மலையாளத்தில் பெருமூச்சு விட்டார். ஆறு வாரம் பொறுப்பதாகவும், அதற்குமேல் ஸ்டோருக்கு வேறு ஆள் போட்டுவிடுவதாகவும் சொன்னார். பதினெட்டு வருட வேலை. அதை விடவும் மனமில்லை.

பிரின்சி டாக்டரம்மா குமுளிக்காரர். எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"சாரே, நீங்க செஞ்சு காட்டுங்க. அதப் பாத்து உமாக்கா செய்யட்டும்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா."

"அதனாலதான்."

நியாயம்தானே? செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றினேன். தரையின் குளிர்ச்சி தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது. மூச்சை இழுத்து, விடும்போது நெஞ்சு அதிர 'ம்ம்ம்' என்று விடச் சொன்னார். விட்டேன். பிறகு எழுந்து நின்று தோள், கை, கால் எல்லாவற்றையும் உதறச் சொன்னார். மழையில் நனைந்த ஆடு மாதிரி உதறினேன். டாக்டரம்மா என்னையே பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார். உமாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. நல்ல மாதிரி கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

வீட்டிலும் தினமும் செய்ய வேண்டுமாம். கொல்லைப்புறத்தில் நின்று செய்தோம். அதாவது நான் செய்தேன். உமா துணி காயப்போட்டபடி மேற்பார்வை பார்த்தாள்.

"நீயும் உதறுடி."

"உதறிக்கிட்டுத்தான இருக்கேன்" என்று ஈரச்சேலையை உதறினாள்.

பக்கத்து வீட்டு மாயக்காள் எங்கள் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். ஒருநாள் சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது. நான் 'ம்ம்ம்' என்று உச்சத்தில் உதறிக்கொண்டிருந்தேன். அடுத்த நிமிடம் திருநீற்றுத் தட்டோடு எதிரே வந்து நின்றாள்.

"சாமி, எம் மகனுக்குப் பொண்ணு எப்ப அமையும்?"

"ஏத்தா, இது சாமி இல்ல, வைத்தியம்!"

"சாமி கோவிக்குது. தப்பிருந்தா பொறுத்துக்க சாமி. எப்பன்னு மட்டும் சொல்லிரு."

"தை மாசம்!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

ஆறாவது வாரம் டாக்டரம்மா என் திட்டத்தில் மண்ணைப் போட்டார். "இனி அந்த வளைவுக்கே போயிட்டு வரணும். ஜீப்பில. உமாக்காவுக்குப் பேடி வந்தா நீங்க கையப் பிடிச்சுக்கணும்." பயத்துக்கு அவர் ஊரில் பேடி என்று பெயர். பெயரைக் கேட்டதும் எனக்கு வந்துவிட்டது.

"நீங்க கூட வந்தாத்தான் போவேன்" என்று உமா கண்ணைக் கசக்கினாள். மேனேஜர் வைத்த கெடுவும் வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது. ஒரு மனிதன் எத்தனை பக்கம்தான் சமாளிப்பான்?

திங்கட்கிழமை விடிந்ததும் எனக்கு ஸ்வெட்டர் எடுத்து வைத்தாள். தூக்குச்சட்டியில் சோறு கட்டினாள். ஒருவர் சாப்பிடும் அளவுதான். "எனக்கு இருக்க படபடப்புல சோறு எறங்காதுங்க" என்றாள். பாவமாக இருந்தது.

"ஈஸ்வரண்ணே, முன்சீட்டு உங்களுக்குத்தான் சும்மா கெடக்கு" என்றான் ஜீப் ஓட்டும் பொன்னுராஜ். வேண்டாம் என்று பின்னால் காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு நடுவில் உமாவை ஒட்டி உட்கார்ந்தேன். மூன்றாவது வளைவு வரை உமா வெளியே வேடிக்கை பார்த்தாள். ஐந்தாவதில் அவள் கையைப் பிடித்தேன். அவளுக்காகத்தான். எட்டாவது தாண்டியதும் பாதத்தை ஊன்றி, என்னையறியாமல் 'ம்ம்ம்' என்று விட்டேன்.

எதிரே மாயக்காள் உட்கார்ந்திருந்தாள்.

"ஆத்தாடி, சாமி வந்துருச்சு!" என்று குலவை போட்டாள். ஜீப்பில் இருந்த அத்தனை பெண்களும் சேர்ந்து குலவை போட்டார்கள். பொன்னுராஜ் பதறிப்போய் பிரேக்கை மிதித்தான். சரியாக ஒன்பதாவது வளைவில்.

சாமியை இறக்கிவிட்டார்கள். அந்த மரம் பட்டை உரிந்து அங்கேயே நின்றது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். கீழே கம்பமும் வயலும் கையகலத்தில் தெரிந்தன. கால் வெடவெடவென்று ஆடியது. இந்தமுறை யாரும் ஆட்டச் சொல்லவில்லை.

"உமா, எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும்ங்க. கால நல்லா ஊனிக்கங்க. ஆடுனா ஆடட்டும். நான் இங்கனதான் நிக்கேன்."

ஆடவிட்டேன். ஆடி ஆடித் தானாக நின்றது. இத்தனை நாளாக நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்தது மெல்ல இளகியது. கண் கலங்கிவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை. அவள் கையை விடவும் தோன்றவில்லை.

"சாமி மலையேறிருச்சு" என்றாள் மாயக்காள். "நாமளும் ஏறுவோம், வேலைக்கு நேரமாச்சு."

மிச்ச மலையை முன்சீட்டில் உட்கார்ந்து ஏறினேன்.

தோட்டத்து வாசலில் இறங்கியதும் ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியது. மனைவியைக் குணப்படுத்திவிட்ட பெருமிதத்தோடு திரும்பினேன். உமா தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, கீழே போகிற இன்னொரு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். தனியாக. முன்சீட்டில்.

"ஏய், தனியா எப்படிடி போவ? ஒம்பதாவது வளைவு வரும்!"

"வரட்டும்ங்க. வியாழக்கிழமை டாக்டரம்மாட்ட போகணும், அவுக எழுதுன சீட்ட நீங்களே வச்சுக்கங்க."

வாங்கிப் படித்தேன். நோயாளி பெயர்: ஈஸ்வரபாண்டி. கூட வருபவர்: உமாதேவி. தேதி, நாங்கள் முதல்முதலாகப் போன நாள்.

"அப்ப ஒனக்குப் படபடப்புன்னது பொய்யா?"

"அதெல்லாம் பொய்யில்ல" என்றாள் உமா. ஜீப் நகர்ந்தது. "ரெண்டு மாசமா பகல் பூராம் நீங்க வீட்டுலயே இருந்தா யாருக்குத்தாங்க படபடப்பு வராது?"