இன்வெர்ட்டருக்கு ஒரு டிக்கெட்

ஆங்கில ஆசிரியை வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதமெல்லாம் வரி விடாமல் படிக்கப்படும் என்று பூதலூரில் ஒரு நம்பிக்கை உண்டு. இத்தனை வருடமாக அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்: நான் படிக்க மாட்டேன். பேங்க் படிவமோ இன்சூரன்ஸ் படிவமோ, எங்கே பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்களோ அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு, மேலே உள்ளதை எல்லாம் படித்து முடித்தவளின் முகத்தோடு திருப்பிக் கொடுப்பேன். (முகம்தான் முக்கியம். புருவத்தை லேசாகச் சுருக்கி, ஒரு இடத்தில் மட்டும் "ம்ம்" என்று சொல்ல வேண்டும்.)

மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டபோதும் இதே முகத்தோடுதான் கையெழுத்துப் போட்டேன். தஞ்சாவூர் கடைக்காரர் ராஜ்மோகன் ஒரு தடித்த ஃபைலைக் கொடுத்து, "எல்லாம் இதுல இருக்குங்க மேடம். இருபத்தஞ்சு வருஷம் வாரண்டி. நிம்மதியா இருங்க" என்றார். நான் நிம்மதியாக இருந்தேன். ஃபைலும் பிளாஸ்டிக் உறை பிரியாமல் பீரோவின் மேல் நிம்மதியாக இருந்தது.

"படிச்சியா கலா?" என்று என் கணவர் கருணாகரன் ஒருமுறை கேட்டார். அவர் விவசாயி. விதை நெல் மூட்டையில் இருக்கும் சீட்டைக்கூட இரண்டு தடவை படிப்பவர்.

"படிச்சாச்சு. இருபத்தஞ்சு வருஷம்" என்றேன்.

அதோடு விட்டேனா? தெரு முழுக்கப் பிரசாரம் செய்தேன். "நான் ரிட்டயர் ஆனாலும் அது ரிட்டயர் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன். என் பேச்சை நம்பி எங்கள் தெருவில் நாலு வீட்டில் போட்டார்கள். பக்கத்துத் தெருவில் என் நாத்தனார் வசந்தாவும் போட்டாள்.

இரண்டரை வருடம் கழித்து, ஒரு சித்திரை மாதத்தில், வெயில் மண்டையைப் பிளக்கிற நாளாகப் பார்த்து, எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மேலே கொள்ளை வெயில், கீழே ஒரு பொட்டு சோலார் மின்சாரம் கிடையாது. விஷயம் மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுப் போஸ்ட் மாஸ்டர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், நீங்க சொன்னது இருபத்தஞ்சா, ரெண்டரையா? நடுவுல ஒரு புள்ளி இருந்து, நாங்கதான் கவனிக்கலையா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அவர் வீட்டு மாடியிலும் என் வாக்கை நம்பி எட்டுப் பலகை படுத்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

ராஜ்மோகனுக்குப் போன் செய்தேன். "இன்வெர்ட்டர் கம்பெனிதான் மேடம் பாக்கணும்" என்றார். கம்பெனிக்குப் போன் செய்தால், "உங்க டீலர்கிட்ட கேளுங்க மேடம்" என்றார்கள். மறுபடி இவர், மறுபடி அவர்கள். இப்படிப் பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் ராஜ்மோகன் சலித்துப்போய் ஒரு வாக்கியம் சொன்னார். "பொருளக் கையில வச்சுப் பாக்காம, போன்லயே எப்படிங்க மேடம் சொல்றது?"

அவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். பொருள்தானே கையில் வேண்டும்? இதோ வருகிறது.

பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் செய்யும் செல்வத்தைக் கூப்பிட்டு, கழற்றச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"டீச்சர், கம்பெனிக்காரன் வராம இதுல கை வைக்கலாமா?"

"நான் சொல்றேன்ல. கழட்டுங்க."

வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு எட்டுகிற குரலில் சொன்னேன். பாவம், மனிதர் எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, ஒயர்களைப் பிரித்து, சுவரிலிருந்து அதை இறக்கிக் கொடுத்தார். பதினைந்து கிலோ இருக்கும். கருணாகரன் வாசலில் நின்று, "கலா, ஒரு தடவ அந்த ஃபைலப் பாத்துட்டுப் போயேன்" என்றார். நான் பார்க்கவில்லை. அவருடைய மஞ்சள் கரை வேட்டியில் இன்வெர்ட்டரைச் சுற்றி முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கண்டக்டர் என் மடியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஃப்ரீம்மா. அதுக்கு டிக்கெட் எடுக்கணும்" என்றார். எடுத்தேன். அந்த வண்டியில் டிக்கெட் எடுத்துப் பயணம் செய்த ஒரே பெண் உருப்படி என் இன்வெர்ட்டர்தான்.

பக்கத்தில் இருந்த அம்மாள் மஞ்சள் கரையையும் நான் அணைத்துப் பிடித்திருந்த விதத்தையும் பார்த்துவிட்டு, மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எந்த ஊரு அம்மன்மா?"

நான் பதில் சொல்வதற்குள் பின் சீட்டில் ஒரு குரல். "என்னது, சிலையா?"

தஞ்சாவூர் ஜில்லாவில் கனமான ஒன்றைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போகும்போது கேட்கவே கூடாத சொல் அது. மொத்தப் பஸ்ஸும் திரும்பியது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி என்னிடம் வந்தார். "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவுத்துக் காட்டிருங்க."

ஊருக்கே இலக்கணம் சொல்லிக்கொடுத்த நான், ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று, முடிச்சை அவிழ்த்து, அது சாமி இல்லை என்று நிரூபித்தேன். அம்மாளுக்குப் பெரிய ஏமாற்றம். பின் சீட்டுக்காரர் மட்டும் எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுலயும் இதான். இருபத்தஞ்சு வருஷம்னு சொல்லிக் குடுத்தாங்க" என்று பெருமையாகச் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் முடிச்சைப் போட்டுக்கொண்டேன்.

கடைக்குள் நுழைந்து ராஜ்மோகனின் மேசையில் இன்வெர்ட்டரைத் தொம்மென்று வைத்தேன். "பொருள். கையில வச்சுப் பாருங்க."

அவர் முகம் முதலில் வெளுத்தது. பிறகு மெல்ல மெல்ல மலர்ந்தது. பரீட்சை ரத்து என்று கேட்ட மாணவனின் முகத்தில்தான் அப்படி ஒரு மலர்ச்சியைப் பார்த்திருக்கிறேன்.

"மேடம்! இத யாரு கழட்டுனா?"

"எங்க ஊரு மெக்கானிக்."

"அப்ப வாரண்டி போச்சே! கம்பெனி ஆளு இல்லாம கழட்டுனா செல்லாதுன்னு ஃபைல்ல தெளிவாப் போட்டிருக்கே. படிக்கலையா நீங்க?" குரலைத் தணித்து, இன்னும் கொடுமையாகக் கேட்டார். "நீங்க இங்கிலீஷ் டீச்சர்தானே மேடம்?"

அங்கே ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து புதிதாகப் பேனல் போட வந்தவர்கள். அவர்களும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். காது மடல் வரை சூடேறியது எனக்கு. இந்த இடத்தில் ஒரு நல்ல பெண்மணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பியிருப்பாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்த ஃபைல்ல ஒரு காப்பி குடுங்க. இப்பப் படிக்கிறேன்."

"அது பதினாலு பக்கம் மேடம்..."

"பதினாலுதானே? நாப்பது பேரு பேப்பரு ஒரே நாள்ல திருத்தியிருக்கேன்."

கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். உரக்கப் படித்து, வரிக்கு வரி தமிழிலும் சொன்னேன். தம்பதி நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, வாரண்டி என்பது ஒன்றே ஒன்று அல்ல என்பது. நான் தெருவெல்லாம் முழங்கிய இருபத்தைந்து வருடம், பேனல் தருகிற மின்சாரம் வருடா வருடம் கொஞ்சம் குறைந்தாலும் ஓர் அளவுக்குக் கீழே போகாது என்பதற்கு மட்டும்தான். பேனலே விரிசல் விட்டாலோ பிரிந்து வந்தாலோ அதற்குப் பன்னிரண்டு வருடம். இன்வெர்ட்டருக்கு ஐந்து. அதை அதன் கம்பெனி பார்க்க வேண்டும். பதினோராம் பக்கத்தில், பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது: ஒயர் இழுத்தது, இணைத்தது, பொருத்தியது ஆகியவற்றில் குறை இருந்தால், ஐந்து வருடத்துக்கு அதைச் சரிசெய்ய வேண்டியவர் பொருத்திக் கொடுத்த கடைக்காரர்.

"ஏன் தம்பி, எங்ககிட்ட எல்லாத்துக்கும் இருபத்தஞ்சுன்னியே?" என்றார் பெரியவர்.

"டீ சொல்லவாங்க ஐயா?" என்றார் ராஜ்மோகன்.

டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் ராஜ்மோகன் இன்வெர்ட்டர் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் செய்தார். இன்ஜினியர் அன்று தஞ்சாவூரிலேயே இருந்ததால் அரை மணியில் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் எனக்குப் பகீரென்றது.

"மிஸ்! நீங்களா?" என்றாள் யாஸ்மின். பத்தாம் வகுப்பு பி பிரிவு. என்னிடம் நாலு முறை இம்போசிஷன் எழுதியவள்.

"எரர் கோட் என்ன மிஸ் காட்டுச்சு?"

"சிவப்பு."

"அது கலர் மிஸ். திரையில ஒரு நம்பர் வந்திருக்குமே?"

வந்திருந்தது. நான் பார்க்கவில்லை. கேள்வியை முழுதாகப் படிக்காமல் பதில் எழுதினால் பாதி மதிப்பெண்தான் என்று அவளிடம் நான் கத்தியது இரண்டு பேருக்குமே நினைவு வந்திருக்க வேண்டும்.

கடை மாடியில் இருந்த பேனலில் இன்வெர்ட்டரை மாட்டினாள். ஐந்து நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"இதுல ஒரு குறையும் இல்ல மிஸ். பிரச்சன உங்க மாடியில."

அதாவது, நன்றாக இருந்த ஒன்றைக் கழற்றி, வேட்டியில் சுற்றி, டிக்கெட் எடுத்து, சாமி இல்லை என்று நிரூபித்து, இருபது கிலோமீட்டர் சுமந்து வந்திருக்கிறேன். ராஜ்மோகன் முதல்முறையாக டீயைக் குடித்தார்.

"அப்ப மாடிக்குப் போவோம்" என்றேன். "மூணு பேரும்."

அவர் காரிலேயே போனோம். இன்வெர்ட்டருக்கு இந்த முறை டிக்கெட் தேவைப்படவில்லை. எங்கள் தெருவில் கார் நின்றதும் போஸ்ட் மாஸ்டர் உட்பட எல்லாரும் வந்துவிட்டார்கள். யாஸ்மின் மாடியேறி, பேனலுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். இரண்டு ஒயரைச் சேர்க்கிற இடம் தளர்ந்து, உருகி, கறுத்துப்போய், இரும்புச் சட்டத்தின்மேல் கிடந்தது.

"எலி கடிச்சிருக்கும்" என்றார் ராஜ்மோகன். "எலிக்கு வாரண்டி கெடையாது."

"எலி கடிச்சா இப்படி உருகாது சார். கனெக்டர சரியா அழுத்தாம விட்டிருக்காங்க. பொருத்தும்போது நடந்த தப்பு."

நான் பதினோராம் பக்கத்தை எடுத்து, தெருவுக்குக் கேட்கும்படி படித்தேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில், பிறகு அவர் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை தமிழில். மாலைக்குள் அவருடைய ஆட்கள் வந்து மொத்த இணைப்பையும் மாற்றினார்கள். "எங்க வீட்டையும் பாத்துருங்க" என்று போஸ்ட் மாஸ்டர் சொல்ல, நாலு வீட்டு மாடியும் ஏறினார்கள். இரண்டு வீட்டில் அதே தளர்ச்சி. வெயிலில் காய்ந்த அந்த ஒயர்கள் என்றைக்காவது தீப்பிடித்திருந்தால் என்று யோசித்தபோது, அதுவரை சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

யாஸ்மின் மட்டும் கையில் படிவத்தோடு தயங்கி நின்றாள். "மிஸ், இன்வெர்ட்டரக் கஸ்டமர் கழட்டுனதா ரிப்போர்ட்ல எழுதணும். எழுதுனா அதோட வாரண்டி போயிடும். எழுதாம இருக்க முடியாது மிஸ்."

"எழுது" என்றேன். "எழுத்துப் பிழை இல்லாம எழுது."

பிறகு தணிந்த குரலில், ஸ்விட்ச்சை அணைத்தாலும் பகலில் பேனல் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், செல்வத்தின் உயிரே போயிருக்கலாம் என்றும் சொன்னாள். அந்தத் திட்டை மட்டும் எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொண்டேன். மறுநாள் செல்வம் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். "விடுங்க டீச்சர், அதான் சாமி கும்பிட்டுட்டுத் தொட்டேன்ல" என்றார்.

இன்வெர்ட்டரின் வாரண்டி போனது போனதுதான் என்று கம்பெனி எழுதிவிட்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. குறை இருந்தது ஒயரில், அதைப் பன்னிரண்டு நாள் பார்க்காமல் அலையவிட்டது நீங்களும் கடைக்காரரும், இன்வெர்ட்டர் சீல் உடையாமல் போய், உடையாமலேதான் திரும்பியது என்று பதில் எழுதினேன். அவர்கள் மறுத்து எழுதினார்கள். அவர்கள் கடிதத்தில் இருந்த மூன்று இலக்கணப் பிழைகளையும் திருத்தித் திருப்பி அனுப்பினேன். இதுவரை பதினோரு கடிதம் போயிருக்கிறது. பன்னிரண்டாவது மேசைமேல் இருக்கிறது.

தெருவில் யார் எது வாங்கினாலும், மிக்ஸியோ ஃபிரிட்ஜோ காது மெஷினோ, அந்தச் சீட்டு இப்போது ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்துவிடும். படித்துச் சொல்கிறேன். நிஜமாகவே படிக்கிறேன்.

வீட்டில்தான் மரியாதை இல்லை. போன தை மாதம் வசந்தாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "எங்க பையன் கடைசி வரைக்கும் உங்க பொண்ணக் கண் கலங்காம வச்சுக்குவான்" என்றார். உடனே வசந்தா, "பாத்துச் சொல்லுங்க சம்பந்தி. எங்க அண்ணி இருக்காங்க. வாக்கு தவறுனா மாப்பிள்ளையக் கழட்டி, வேட்டியில சுத்தி, பஸ்ல ஏத்திக் கொண்டாந்து உங்க வீட்டு மேசையில வச்சுடுவாங்க" என்றாள். பந்தலே சிரித்தது. கருணாகரன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துச் சம்பந்தியிடம் நீட்டினேன்.

"கடைசி வரைக்கும்னா எத்தன வருஷம்? எழுதிக் குடுத்துருங்க."