துண்டு தராத டீமேக்கர்

இந்தத் தீவில் நீதிமன்றத் தீர்ப்புகளை மூக்கால் வாசித்த ஒரே மனிதர் எங்கள் கொட்டகலை டீமேக்கர்தான். சத்தியமாகச் சொல்கிறேன். காகிதத்தை இரண்டு கையாலும் தூக்கி மூக்கருகே கொண்டுபோவார். கண்ணை மூடுவார். இழுப்பார் ஒரு இழுப்பு. அதற்குப் பிறகுதான் கண்ணாடியைத் தேடுவார். காணி உறுதி, மனு, தீர்ப்பு, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் முதலில் மூக்கு, அப்புறம்தான் கண்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் விசாரித்ததில்லை. தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்தைத் தூளாக்கும் வேலை முழுவதற்கும் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். மனுஷன் அத்தோடு வீட்டில் கிடந்திருக்கலாம் இல்லையா? மத்தியஸ்த சபைக்குத் தலைவராகி, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பாடசாலையின் இரண்டாம் வகுப்பு அறையில் உட்கார்ந்துகொண்டு, லோயரிடம் மனு அடித்துப் பிழைக்கும் என்னைப் போன்ற கிளாக்கர்மாரின் பிழைப்பில் கை வைத்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாதை, வேலி, வாய்க்கால் என்று சின்னச் சின்னத் தகராறுகளை எடுத்துக்கொண்டு இங்கே நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. முதலில் மத்தியஸ்த சபை. அங்கே பேசிப் பார்த்துச் சரிவராவிட்டால், ‘இணக்கம் ஏற்படவில்லை’ என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் துண்டு. துண்டு இல்லாத வழக்கை விசாரிக்க அதிகாரமே இல்லை என்று மேல் நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லச் சொல்ல, அந்த ஒற்றைக் காகிதத்துக்கு மவுசு ஏறிக்கொண்டே போனது. லோயர்மார் கட்சிக்காரரிடம், “போய்த் துண்ட வாங்கிட்டு ஓடி வா” என்றார்கள். சமாதானம் பேசத்தான் சபை என்பதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.

டீமேக்கருக்கு மறக்கவில்லை. அதுதான் வினை.

எங்கள் லோயர் ஒருமுறை பொறுக்க முடியாமல் ரோட்டில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டார். “என்னங்கய்யா, துண்டு கேட்டு ஆள் அனுப்புனா தேத்தண்ணி குடுத்துத் திருப்பி அனுப்புறீங்க?”

டீமேக்கர் சட்டைப் பையிலிருந்து மடித்த தீர்ப்பு நகல் ஒன்றை எடுத்தார். மோந்தார். “கோட்டு என்னா சொல்லுது? மொதல்ல சபைக்குப் போன்னு சொல்லுது. வந்தவனை ஒடனே தொரத்தி வுட்ருன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா? காட்டுங்க பாப்போம்.”

அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பஜாரில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேர், ஒருவர் போர்ட் மற்றவர் போர்டை மறைக்கிறது என்று வந்தார்கள். டீமேக்கர் இருவரையும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் ஒன்றாக உட்கார வைத்தார். முழங்கால் தாடையில் இடித்தது. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. புகார் கொடுத்தவர் தன் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க வேண்டும். மற்றவர் அதைக் குடித்தால்தான் பேச்சு. குடிக்காவிட்டால், “இன்னும் வாட்டம் பத்தல” என்று அடுத்த ஞாயிறு. ஃபெக்டரியில் கொழுந்து வாடாமல் ரோலருக்குப் போகாதாம். இப்படி ஐந்து ஞாயிறு இழுத்தார். ஆறாவது வாரம் அந்த இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் எங்கள் ஆபீசுக்கு வந்து இறங்கினார்கள். டீமேக்கர் மேல் கூட்டாக வழக்குப் போட முடியுமா என்று கேட்டார்கள்!

நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். என் தங்கச்சி சாந்தியின் பாதை அடைபடும் வரைக்கும்.

சாந்திக்குத் தோட்டத்தில் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்திருந்தன. எங்கள் குடும்பத்தில் லயத்து ஒற்றை அறையை விட்டு வெளியே வந்த முதல் ஆள் அவள்தான். மச்சானுக்குக் கொழும்பில் வேலை. மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போகும் மூன்றடிப் பாதை, பக்கத்து வீட்டுப் பெரியசாமியின் காணி மூலையைக் கடந்து போகும். அவர் மச்சானின் சொந்தத் தாய்மாமன். எங்களுக்குப் பெரியப்பா முறை. பால் காய்ச்சிக் குடிபோய் நாலைந்து மாதம் எல்லோரும் அந்தப் பாதையில்தான் போய்வந்தோம். அப்புறம் ஒருநாள் பெரியப்பா அதில் கருங்கல்லை அடுக்கினார். அடுத்த வாரம் சீமெந்துக் கல் வந்து இறங்கியது. சுவர் முழங்காலுக்கு வந்தது.

சாந்திக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. இதையாவது கையில் வாங்கிவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதை போனால், வீட்டுக்குப் பின்னால் தேயிலை மலையில் ஏறி, ஆள் புதையும் வடிகால் கானுக்குள் இறங்கி, மறுபக்கம் தொற்றி ஏறித்தான் ரோட்டுக்கு வர வேண்டும். மழைக் காலம் வேறு.

சபைக்குப் போனால் பிள்ளை பிறந்து தவழும்வரை டீமேக்கர் தேத்தண்ணி ஊற்றுவாரே என்று எனக்குப் பயம். பதினாலு பந்தியில் மனு அடித்து லோயரிடம் நீட்டினேன். “துண்டு எங்க?” என்றார். “அவசர கேஸ் சார், இதுக்குத் துண்டு வேணாம்” என்று, எங்கேயோ காதில் விழுந்ததைச் சட்டம்போலச் சொன்னேன். என்னை நம்பினார், பாவம். நீதிபதி முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். சான்றிதழ் எங்கே என்று கேட்டார். அது இல்லாமல் இந்த வழக்கைத் தொடவே தனக்கு அதிகாரம் கிடையாது, மேல் நீதிமன்றத் தீர்ப்பு அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி ஃபைலை மூடினார். லோயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். குளவி கொட்டினால்கூட அவ்வளவு உறைக்காது.

இதற்குள் சுவர் இடுப்பைத் தாண்டிவிட்டது. சாந்திக்கு எட்டு முடிந்து ஒன்பது பிறந்துவிட்டது.

முதல் ஞாயிறு. வாசலிலேயே டீமேக்கர் கையை நீட்டி மறித்தார். “லோயரும் வரக்கூடாது, லோயரோட ஆளும் வரக்கூடாது. சபைச் சட்டம். கிளாக்கரையா வெளிய நில்லுங்க.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே குட்டை பெஞ்சில் ஒரு முனையில் வயிற்றைத் தாங்கியபடி சாந்தி, மறு முனையில் சுவரைப் பார்த்தபடி பெரியப்பா. சுவரில் பிள்ளைகளுக்கு மணி பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் அட்டைக் கடிகாரம். அதில் எப்போதும் பத்து பத்து.

டீமேக்கர் என் பதினாலு பந்தியையும் மோந்தார்.

“யாரும்மா இத எழுதுனது?”

“எங்க அண்ணன்ங்க.”

“நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா எங்கயோ கருகுற வாசம் வருதே. என்னமோ ஒண்ண வுட்டுட்டாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதை விட்டேன்? பாதையின் நீளம், அகலம், நடுவில் நிற்கும் கொய்யா மரம் உட்பட எழுதியிருந்தேன். சாந்தி ஃபிளாஸ்கிலிருந்து கிளாசில் ஊற்றிப் பெரியப்பா முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை.

“வாட்டம் பத்தல. அடுத்த ஞாயிறு.”

அடுத்த ஞாயிறும் அதே பெஞ்சு, அதே கிளாஸ், அதே பத்து பத்து. பெரியப்பா தொடவில்லை. சுவர் நெஞ்சுவரை வந்திருந்தது. வெளியே வந்த டீமேக்கரை மறித்து வாய்க்கு வந்ததைக் கேட்டேன். “துண்டக் குடுங்கய்யா, கையெடுத்துக் கும்பிடுறேன். அந்தக் கான்ல என் தங்கச்சிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்க மூக்கா வந்து பதில் சொல்லும்?”

அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். சபையில் இருந்த யாழ்ப்பாணத்து ரிட்டயர்ட் வாத்தியார்தான் என் தோளைத் தட்டினார். “உந்த மனுசனோட கதைச்சு வேலையில்லைத் தம்பி. நாங்களும் கதைச்சுப் பாத்திட்டம்.”

மூன்றாம் ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை. பெரியப்பா வந்துவிட்டார், டீமேக்கர் வந்துவிட்டார், சாந்தி வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. கால் மணி, அரை மணி. தேடிப் போகலாம் என்று கேட் வரை ஓடினேன். அப்போதுதான் வந்தாள். இடுப்புவரைக்கும் சேறு. முழங்கை தோலுரிந்து ரத்தம். கானில் சறுக்கி உட்கார்ந்துவிட்டாளாம்.

“ஒண்ணுமில்லண்ணே, புள்ள அசையுது” என்றாள் முதலில். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

அவள் உள்ளே போனதும் பெரியப்பாதான் எழும்பினார். “ஏன் சாந்தி அந்தப் பக்கமா வந்த?”

“வேற பக்கம் எங்க பெரியப்பா இருக்கு?”

அவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். டீமேக்கர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார். எழுதினார். கையெழுத்துப் போட்டார். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. துண்டு!

அதைக் கொண்டுவந்து பெஞ்சின் நடுவில் வைத்தார். சாந்தி ஊற்றிய கிளாசை எடுத்து அந்தத் துண்டின் மேலேயே வைத்தார்.

“ஐயா! பேப்பர் நனையுதுங்கய்யா!” என்று ஜன்னலில் கத்தினேன். யாரும் என்னைச் சட்டை செய்யவில்லை.

“பெரியசாமி, துண்டு எழுதியாச்சு. நாளைக்கு கோட்டுக்குப் போவாங்க. அங்க ஒங்களுக்கு லோயர் பேசுவாரு, இவளுக்கு லோயர் பேசுவாரு. மூணடியா ரெண்டரை அடியான்னு வருசக்கணக்கா பேசுவாங்க. ஒங்க மனசுல இருக்கத ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தா, இந்தத் தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள சொல்லிருங்க.”

கிளாசிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பெரியப்பா அதையே பார்த்தார். நான் துண்டைப் பார்த்தேன். ஆவி குறைந்துகொண்டே வந்தது. போச்சு, ஆறிவிடப் போகிறது என்று நினைத்தபோது அவர் வாயைத் திறந்தார்.

“பால் காய்ச்சுனாங்க. தாய்மாமன் நானு. எங்க அக்கா உசுரோட இல்ல, அவ எடத்துல நான்தான் நிக்கணும். வெத்தல பாக்கு வச்சு ஒரு வார்த்த கூப்ட்டாங்களா? போன்ல ஒரு படம் வந்துச்சு. குத்துவெளக்கு ஒண்ணு மினுக்கு மினுக்குன்னு ஆடுது, பாட்டு வேற பாடுது. எனக்கும் அதே படம், பஸ் கண்டக்டருக்கும் அதே படம்!”

பால் காய்ச்சிய அன்றைக்கு அவர் வரவில்லை. தடிமன் பிடித்திருக்கும் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டு இட்லியைச் சாப்பிட்டோம். அந்தப் படத்தைச் செய்து, பாட்டைச் சேர்த்து, எழுபது பேருக்குப் போனில் ஒரே தட்டலில் அனுப்பி, எப்படி என் கெட்டிக்காரத்தனம் என்று மார்தட்டிக்கொண்டவன் நான்தான். ஜன்னலுக்குக் கீழே குந்திவிட்டேன்.

மேலிருந்து ஒரு நீண்ட இழுப்புச் சத்தம் கேட்டது. “ஆங்... இதுதான் கருகுனது. கிளாக்கரையா, ஒளிஞ்சது போதும். உள்ள வாங்க.”

“லோயரோட ஆள் வரக்கூடாதுன்னு நீங்கதானேங்க...”

“லோயரோட ஆள் வேணாம். பொண்ணோட அண்ணன் வரட்டும்.”

போனேன். தன் பையிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து, கரும்பலகை வெண்கட்டிப் பெட்டியின் மூடியில் வைத்து என் கையில் தந்தார். சுண்ணாம்புக்குக் குறைவில்லை, மூடி முழுக்க வெண்கட்டித் தூள். பெரியப்பா முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். பதினாலு பந்தி அடித்தவனுக்கு ஒரு வரி வரவில்லை. குடிபுகுந்து முடிந்த வீட்டுக்கு இனி எப்படிக் கூப்பிடுவது? “பெரியப்பா... என் தப்புங்க” என்றேன்.

சாந்திதான் சொன்னாள். “புள்ளைக்குப் பேர் வைக்க வாங்க பெரியப்பா.”

அவர் வெற்றிலையை எடுத்து மடியில் வைத்தார். கிளாசைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார்.

“சீனி பத்தல” என்றார்.

நான் அழுதுவிட்டேன். இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அன்று மாலை அவரே அலவாங்கு எடுத்துச் சுவரை இடித்தார். வியாழக்கிழமை காலை சாந்திக்கு வலி வந்தது. நடக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து அந்தப் பாதை வழியே ரோட்டிலிருந்த ஆட்டோவுக்குத் தூக்கிப்போனோம். நாற்காலியின் முன் காலைப் பிடித்தவர் பெரியப்பா. ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட அரை மணி நேரத்தில் பிள்ளை பிறந்தது. கானில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. பெண் பிள்ளை. பெரியப்பா தன் அக்காவின் பெயரையே வைத்தார். அவள் இப்போது ஒன்றாம் வகுப்பு. அதே மாதம் எங்கள் லோயர் துண்டோடு போட்ட வேறொரு பாதை வழக்கு இன்னும் முடியாமல் தவணையில் இருக்கிறது.

டீமேக்கர் போன வருடம் தவறிப்போனார். திட்டித் தீர்த்த லோயர்மார் எல்லோரும் செத்த வீட்டுக்கு வந்திருந்தார்கள். அந்த இரண்டு கடைக்காரர்களும் ஒரே மாலையைச் சேர்ந்து தூக்கி வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து என் அலமாரியைத் திறந்தேன். கோர்ட்டில் கொடுக்காத அந்தத் துண்டு அங்கேதான் இருக்கிறது, நடுவில் கிளாஸ் வைத்த வட்டக் கறையோடு. இரண்டு கையாலும் எடுத்து, கண்ணை மூடி, மூக்கருகே கொண்டுபோனேன். வெறும் பழைய காகித வாசம்தான் வந்தது. அவருக்கு இருந்த மூக்கு எனக்கு எங்கே? ஆனாலும் வைக்க மனம் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.