கசப்பு அலமாரி

நூலகர் கையில் ரப்பர் தயாராக இருந்தது. எதிரே புத்தகம் விரிந்து கிடந்தது. அழிக்கத்தான் மனம் வரவில்லை.

திரும்பி வரும் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, பென்சில் கோடு கண்ட இடத்தில் தேய்த்து அழித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். நூலகப் புத்தகத்தில் கோடு போடுகிறவனைக் கழுவில் ஏற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் இது அவருடைய மகளின் கார்டில் போய் வந்த புத்தகம்.

‘இந்த வீட்டில், சாப்பிட்டாயா என்று என்னை யாரும் கேட்பதில்லை.’ அந்த வரிக்கு அடியில் மெல்லிய கோடு.

புத்தகம் ‘கசப்பு அலமாரி’யைச் சேர்ந்தது. வீட்டை விட்டு ஓடிய பையன்கள், போதையில் விழுந்து எழுந்த பெண்கள், குடிகார அப்பாக்கள், அடிதடி, சிறை என்று வளரும் பிள்ளைகள் படும் பாடுகளைச் சர்க்கரை தடவாமல் சொல்லும் நாவல்களைப் பொறுக்கி அதில் அடுக்கியிருந்தார். பெற்றோர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள்.

“இதைப் படிச்சா என் பையன் கெட்டுப் போயிடமாட்டானா சார்?”

“கதையில ஒருத்தன் கெட்டுப் போறதைப் பாத்தவன் நிஜத்துல கொஞ்சம் யோசிப்பான்மா. ஆனா ஒண்ணு. என்ன படிக்கறே, ஏன் படிக்கறேன்னு மட்டும் கேட்டுடாதீங்க. கேட்டா மூடி வெச்சிடுவாங்க.”

இதற்காகவே கவுண்டருக்கு மேல் ஓர் அட்டை தொங்கியது: ‘யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்பதை ஊழியர்கள் எவரிடமும் சொல்லக் கூடாது.’ எழுதியவர் அவர். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர், அங்கே உட்கார்ந்து புத்தகம் பதிந்து கொடுக்கும் கவுண்டர் அம்மாள். அவர் வாயிலிருந்து ஒரு தகவலைப் பிடுங்குவதைவிடப் பல்லைப் பிடுங்குவது சுலபம்.

ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் புத்தகம் பார்த்துக் கொடுத்தவருக்குச் சொந்த மகள் மட்டும் வசப்படவில்லை. ஐந்து வயதில் இதே மேசைமேல் உட்கார்ந்து தேதி முத்திரையைத் தன் நெற்றியில் குத்திக்கொண்டவள். இன்று பதினைந்து. ‘ம்’, ‘தெரியல’, ‘கதவைச் சாத்துங்கப்பா’ என்ற மூன்றை வைத்தே காலத்தை ஓட்டினாள். அந்தப் பழைய வாயாடிக்காக அவர் ஏங்கிப்போயிருந்தார். போன வருடம் அவளுக்கு ஒரு கார்டு போட்டு வீட்டு மேசைமேல் வைத்தார். அது அங்கேயே கிடந்தது. இந்த மாதம் திடீரென்று பதிவேட்டில் அதன் எண்!

கேட்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஆனால் கோடு போட்ட குறையைத் தீர்க்கக் கூடாது என்று சட்டம் இல்லையே.

அன்று மாலையே ஆரம்பித்தார்.

“சாப்பிட்டியாம்மா?”

“சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். காலையில் கேட்டார். மறுநாள் மதியம் பொறுக்கமாட்டாமல் பள்ளிக்கூடத்துக்கே போன் போட்டார். அங்கிருந்த குமாஸ்தா கடமை தவறாதவர். ‘பத்தாம் வகுப்பு மாணவி, நூலகரின் மகள், சாப்பிட்டாரா என்று அவருடைய தந்தை கேட்கிறார்’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்.

மகள் மூன்று நாள் ‘ம்’ கூடச் சொல்லவில்லை.

“உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று மனைவி, எல்லோரும் எழுந்த பிறகு பாத்திரத்தின் அடியைச் சுரண்டியபடி கேட்டாள்.

“உனக்குப் புரியாது” என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த புத்தகம் வந்தது. ‘அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனை நாளாயிற்று!’

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நூலகர் மகளின் முகத்தையே கண்கொட்டாமல் பார்த்தார். அன்றைக்கென்று அவள் மூக்கு நுனியில் ஒரு பரு முளைத்திருந்தது.

“அதையே ஏன்ப்பா பாக்கறீங்க?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கதவு அடித்த அடியில் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது.

மூன்றாவது புத்தகம்: ‘ஒரு மாலை ஆற்றங்கரையில் சேர்ந்து நடந்தால் போதும். வேறெதுவும் கேட்கமாட்டேன்.’

நூலகர் ரப்பரைக் கீழே வைத்தார். இவ்வளவு சின்ன ஆசையா? ஞாயிற்றுக்கிழமை, தோழியின் பிறந்தநாளுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற மகளை மல்லுக்கட்டி ஆற்றங்கரைக்குக் கிளப்பினார். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

“ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்.”

வீடு எங்கும் ஓடிப்போகிற உத்தேசத்தில் இல்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு நூலகர் நடந்தார்.

ஆற்றங்கரையில் மகள் வெடித்தாள். “உங்களுக்கு என்னதான்ப்பா வேணும்?”

“ஒண்ணும் வேணாம்மா. நீ முன்னாடி பேசின மாதிரி ஒரு தடவை பேசினாப் போதும்.”

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கைபேசியில் மணியைப் பார்த்தாள். “கேக் வெட்டியிருப்பாங்க” என்றாள், அழுகிற குரலில். திரும்பும் வழியெல்லாம் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து நான்காவது புத்தகம் திரும்பி வந்தது. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு புரட்டினார். கோடு இந்த முறை அழுத்தமாக இருந்தது. ‘எல்லோரும் கிளம்பினார்கள். நீயும் வா என்று ஒரு வார்த்தை. அதைத்தான் யாரும் சொல்லவில்லை.’

நூலகர் அந்த வரியை மறுபடி படித்தார். இழுத்துக்கொண்டு போகாத குறையாகக் கூட்டிப்போயும் இப்படி ஒரு கோடா?

ஒரு மணிக்கு வழக்கம்போலக் கதவு தட்டப்பட்டது. வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டு டப்பாவைக் கவுண்டர் அம்மாள் நீட்டினார். நூலகர் டப்பாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் புத்தகத்தைக் காட்டினார்.

“நான் போட்ட சட்டத்தை நானே மீறிக் கேக்கறேன்மா. என் பொண்ணு இங்க வர்றப்ப அவ முகம் எப்படி இருக்கு? அழுத மாதிரி இருக்கா? பெத்தவன்மா நான், தாங்க முடியல.”

கவுண்டர் அம்மாள் போய், தொங்கிய அட்டையை எழுத்து சுவரைப் பார்க்கும்படித் திருப்பிப் போட்டுவிட்டு வந்தார்.

“உங்க பொண்ணு இந்தப் பக்கமே வந்ததில்ல சார். அந்தக் கார்டுல எடுக்கறவங்க, தினமும் இந்த டப்பாவை என் கையில குடுத்துட்டு, இந்தக் கதவு திறக்குமான்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போவாங்க.”