ஏழாம் மாடிச் செக்கியூரிட்டி

நான் கடந்து வந்த வாசல்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் சோதனைச்சாவடிகள், கொழும்பில் லொட்ஜ் வாசல்கள், விமான நிலையங்களில் என் முகத்தையும் கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்த அதிகாரிகள். எல்லோரையும் ஏதோ சொல்லிச் சமாளித்து வந்துவிட்டேன். சமாளிக்கவே முடியாத ஒரே அதிகாரி இந்தப் பனி நாட்டில், டோர்செட் பார்க்கில், ஏழாம் மாடியில், என் வீட்டுக்கு எதிர்க்கதவில் இருந்தாள். வயது இரண்டரை. உயரம் கதவின் கைப்பிடிக்குச் சற்றுக் கீழே.

பெற்றோர் வைத்த பெயர் எண்சாத்திரம் பார்த்து வைத்த நீளமான பெயர். நான் வைத்தது செக்கியூரிட்டி. கடைசியில் கட்டடம் முழுவதும் அதுதான் நிலைத்தது.

அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று. தகப்பன் ரமணனுக்கு மிசிசாகாவில் வேலை. காலையில் அவன் காரை எடுக்கப் புறப்பட்டால் இவள் அழுது ஊரைக் கூட்டுவாள். தாய் சுதா ஒரு நாள், எங்கள் எல்லோருடைய அம்மாக்களும் சொன்னதையே சொல்லிக் கொடுத்தாள்: "போறன் எண்டு சொல்லக்கூடாது குஞ்சு. போயிட்டு வாறன் எண்டுதான் சொல்லோணும். அப்பிடிச் சொன்னா ஆக்கள் கட்டாயம் திரும்பி வருவினம்." நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டுப் பழகிவிட்டோம். அவள் நம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த வாசலைச் சொல்லாமல் யாரும் தாண்ட முடியாது. நான் ஒரு கோப்பைச் சீனி வாங்கப் போனாலும், திரும்பும்போது காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு "சொல்லுங்கோ" என்பாள். சொன்னால் "ஓம், வாங்கோ" என்று கையை விடுவாள். ஒரு முறை பீட்சா கொண்டுவந்த பஞ்சாபிப் பையனையும் பிடித்துவிட்டாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரமணன் சொல் எடுத்துக் கொடுக்க, பாவம், மூன்று தரம் ஒத்திகை பார்த்து "போயிட் வாரன்" என்றான். "ஓம், வாங்கோ." அடுத்த கிழமை பீட்சா கேட்டபோது அவனே வந்தான். செக்கியூரிட்டி எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

ஏப்ரலில் பனி கரைந்தபோது யன்னலில் நின்று கேட்டாள். "அங்கிள், ஸ்னோ சொன்னதோ?"

"ஓம் ஓம், சொல்லிப்போட்டுத்தான் போனது" என்று ஒரு பச்சைப்பொய் சொன்னேன். ஐந்தாம் நாள் மறுபடியும் முழங்கால் அளவு கொட்டியது. லிஃப்டில் எல்லோரும் வானத்தைத் திட்ட, இவள் மட்டும் "அங்கிளிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனது" என்று என்னைக் காட்டிக்கொடுத்தாள்.

அப்போது சுதாவுக்கு ஏழு மாதம். செக்கியூரிட்டிக்கு அந்த வயிறும் ஒரு கதவுதான். தட்டிப் பார்ப்பாள். "உள்ள ஆர்?" பதில் வராது. "சப்பாத்துக் கழட்டிப்போட்டுத்தான் வரோணும், சரியோ?" என்று முன்கூட்டியே எச்சரிப்பாள்.

இனிச் சொல்லப்போவது என் பிழை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; நான் மற்றவர்களையும் சேர்த்துக் கெடுப்பவன். ஜூனில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சுதாவுக்கு வலி கண்டது. பிள்ளை நல்ல நித்திரை. பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். சுதா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டில் பக்கம் போனாள்.

"எழுப்பிச் சொல்லிப்போட்டு வாறன் அண்ணை."

"ஐயோ, நித்திரையைக் குழப்பாதையும் பிள்ளை. எழும்பினா அழும். நான் பாக்கிறன், நீங்கள் போங்கோ."

பிள்ளை வளர்த்து அனுபவமே இல்லாத ஐம்பத்தெட்டு வயதுத் தனிக்கட்டையின் ஆலோசனை. சுதா வாசலில் நின்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாலு மணிக்குச் செக்கியூரிட்டி எழும்பினாள். வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அம்மா எங்க?"

"தம்பியைக் கூட்டிக்கொண்டு வரப் போயிட்டா."

"சொன்னவவோ?"

பனிக்குப் பொய் சொன்ன வாய்க்கு அன்று பொய் வரவில்லை. "நீங்கள் நித்திரை..." என்று இழுத்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தன் சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசல் விரிப்பில் போய் இருந்தாள். நூடுல்ஸ் அவித்துக் கொடுத்தேன், தொடவில்லை. கார்ட்டூன் போட்டேன், திரும்பவில்லை. ஒன்றரை மணித்தியாலம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டது குறைவு.

மூன்றாம் நாள் தம்பியோடு வந்தார்கள். செக்கியூரிட்டி தம்பியின் காலைச் சோதித்தாள். "சப்பாத்து இல்லை. சரி, உள்ள வா." சுதா கையை நீட்டினாள். அவள் என் பின்னால் போய் ஒளிந்தாள்.

தம்பியோடு பகை ஒன்றும் இல்லை. அவனை ஒரு விருந்தாளியாக நடத்தினாள். "தேத்தண்ணி குடிச்சவரோ?" "எப்ப வீட்ட போவார்?" "வேலைக்குப் போறேல்லையோ?" வாயைத் திறந்து பார்த்து, "பல்லில்லை. அங்கிளுக்கும் பின்னால ரெண்டு இல்லை" என்று வந்தவர்களுக்கெல்லாம் அறிவித்தாள். தம்பிக்குக் கட்டிவிட பம்பர்ஸ் எடுத்துக் கொடுப்பாள். ஆனால் அம்மாவின் கையில் கொடுக்கமாட்டாள். தரையில் வைத்துவிட்டுப் போவாள்.

சுதா கொரிடோரில் நின்று என்னிடம் அழுதாள். "அண்ணை, என்னட்ட வாறாளில்லை. ஒரு சொல்லுக் கதைக்கிறாளில்லை. தம்பி வந்தபடியால் என்னை வெறுத்துப்போட்டாளோ?"

காரணம் தம்பியல்ல, நான்தான் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. வேண்டாத நேரத்தில் மட்டும் நன்றாக வேலை செய்கிற வாய் இது. அந்த நாட்களில் செக்கியூரிட்டி தன் விளையாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் என் வீட்டுக்கு வந்து, சோபாவுக்குப் பின்னால் விளையாடிவிட்டுப் போவாள். என்மேல் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று நான் உருகிக்கொண்டிருந்தேன்.

பிறந்த ஆறாம் நாள் தம்பிக்கு மஞ்சட்காமாலை கூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள், இரண்டு நாள் வெளிச்சத்தின் கீழே வைக்க வேண்டும், உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள். மறுபடியும் நான் காவல். ரமணன் தம்பியைக் கார் சீற்றில் போட்டுக் கட்டிவிட்டான். சுதாவின் சப்பாத்தைக் காணோம். அவளுடைய மற்றச் சோடிகளையும் காணோம். அவளுக்கு ஒரு செருப்புக்கூட அந்த வீட்டில் இல்லை.

"பரவாயில்லை, உங்கட செருப்பைத் தாங்கோ" என்று புருஷனிடம் சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. செக்கியூரிட்டி கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சப்பாத்து இல்லாதவர் போக முடியாதல்லவா?

நான் முழங்கால் நோவோடு அவளுக்கு முன்னால் குந்தினேன். "செக்கியூரிட்டி, அண்டைக்கு அம்மா உங்களிட்டச் சொல்லத்தான் வந்தவ. நான்தான் விடேல்ல. பிழை என்ர. அம்மான்ர இல்லை."

சுதா என்னைப் பார்த்ததை விடுங்கள். செக்கியூரிட்டி பார்த்த பார்வையைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை.

"அங்கிளோ?"

"ஓம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கதவைத் திறக்கச் சொன்னாள். நேரே என் வீட்டுக்குள் போனாள். சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து வந்தாள். நாலு சோடி. இத்தனை நாளாக நான் உருகிய பாசத்தின் கணக்கு அவ்வளவுதான். அதில் ஒரு சோடியை அம்மாவின் காலடியில் வைத்தாள்.

"சொல்லுங்கோ."

சுதா அவளைக் கட்டிக்கொண்டாள். "போயிட்டு வாறன் குஞ்சு. போயிட்டு வாறன். போயிட்டு வாறன்." பிள்ளை அந்தக் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அன்றைக்கு அழாத அழுகை முழுவதையும் அழுதாள். நான் சுவரில் இருந்த கலண்டரை மிகக் கவனமாக வாசித்தேன்.

அழுது முடிந்ததும் மூக்கைத் துடைத்துவிட்டு மீண்டும் கதவை மறித்தாள். விரல் கார் சீற்றை நோக்கி நீண்டது.

"தம்பி சொல்லேல்ல."

"அவனுக்கு இன்னும் கதைக்கத் தெரியாதம்மா" என்றான் ரமணன்.

எப்ப வீட்டுக்குப் போவார் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். குனிந்து தம்பியின் முகத்தோடு முகத்தை வைத்தாள். பிறகு குரலை மிகச் சின்னதாக்கி, அவனுக்காக அவளே சொன்னாள்: "அக்கா, போயிட்டு வாறன்."

உடனே தன் சொந்தக் குரலில், "ஓம், கெதியா வாங்கோ."

தன்னை அக்கா என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டாம் நாள் பின்னேரம் தம்பி திரும்பி வந்தான். தன் வேலைதான் அது என்பதுபோல் கதவைத் திறந்துவிட்டாள்.

போன வருடம் நான் மோர்னிங்சைடுக்கு வீடு மாறினேன். சாமான் ஏற்றி முடிந்து வாசலில் நின்றபோது என் காற்சட்டையை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். தம்பிக்கு அதற்குள் நன்றாகக் கதைக்கத் தெரிந்திருந்தது. "சொல்லுங்கோ" என்றான். சொன்னேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பஸ் மாறி டோர்செட் பார்க் போகிறேன். பனியிலும் மழையிலும் ஏன் இந்த அலைச்சல் என்று கேட்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்வது, சொல்லிவிட்டல்லவா வந்தேன்.